காய்ந்த மூடி

அந்தத் தீவில் நூடுல்ஸ் கடை ஒன்றுதான். காற்று பலமாக இருந்ததால் மதியக் கப்பலை நிறுத்திவிட்டார்கள். ஊர் திரும்ப வழியில்லாத குனிஹிகோ அங்கே போய் உட்கார்ந்தான். கடைக்காரி தட்சுவே அவன் முன்னால் மூடி போட்ட கிண்ணம் ஒன்றை வைத்தாள். ஆளில்லாத பக்கத்து இடத்திலும் ஒன்றை வைத்தாள்.

"அது யாருக்கு, அக்கா?"

"கடலுக்குப் போன என் வீட்டுக்காரருக்கு. மூடிக்குள்ள நீர் கோத்திருந்தா ஆள் உசுரோட இருக்கார்னு அர்த்தம். மூணு நாளா கோக்கல."

அவள் திறந்து காட்டினாள். ஆவி பறந்தது. மூடி காய்ந்திருந்தது. குனிஹிகோவின் மூடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது கதவை இழுத்துத் திறந்துகொண்டு அவள் புருஷன் யோஷிசோ உள்ளே வந்தார்.

"என்னடி, அதுக்குள்ள எனக்குப் படையலா?"

தட்சுவே அழுதுகொண்டே சிரித்தாள். பழையதைக் கொட்டிவிட்டு, கொதிக்கும் சூப்பை ஊற்றிப் புதிதாக மூடி வைத்தாள். அவர் திறந்தார். மூடி காய்ந்திருந்தது. அதைக் கவனிக்காமல் அவர் உறிஞ்சிச் சாப்பிட்டார்.

"கப்பல் இல்லாம தவிக்கிறீங்களா தம்பி? என் படகுல வாங்க, அக்கரையில விட்டுடறேன்."

"வேண்டாங்க. நாளைக்குப் போய்க்கிறேன்," என்றான் குனிஹிகோ. அவன் அந்தக் காய்ந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்சுவே அந்த மூடியை எடுத்தாள். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"தம்பி வரலேன்னா போகட்டும்," என்றாள் புருஷனிடம். "நான் வர்றேன்."