கறியில் கிடந்த கட்டிகள்

வெட்டிய இரண்டு மாடுகளின் கறியிலும் அரிசி மணி போல வெள்ளைக் கட்டிகள். நாடாப்புழுவின் கட்டிகள் என்று சொல்லி, இறைச்சிக்கூடத்தில் அத்தனையையும் புதைத்துவிட்டார்கள்.

பண்ணை முதலாளியான அண்ணன், மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பியை வேலையாட்கள் முன்னால் வைத்தே திட்டித் தீர்த்தார்.

"எல்லாம் உன் நாயால வந்த வினை! முதல்ல அதைத் தொலைச்சுட்டு வா!"

தம்பி எட்டு வருடம் வளர்த்த நாயை யாருக்கோ கொடுத்துவிட்டு, அழுது வீங்கிய முகத்தோடு திரும்பி வந்தான்.

மூன்று வாரம் கழித்து, கால்நடை டாக்டரம்மா மரபணுச் சோதனை முடிவோடு வந்தார்.

"இது நாய்ப்புழு இல்லைங்க. மனுஷக் குடல்ல வாழற புழு. மலத்துல வெளிய வர்ற முட்டை, புல்லோட மாட்டு வயித்துக்குப் போயிருக்கு."

"அப்படிச் சொல்லுங்க!" அண்ணன் தம்பியைக் காட்டித் துள்ளினார். "கண்ட இடத்துல ஒதுங்குறவன் இவன்தான். எனக்கு அப்பவே தெரியும்!"

டாக்டரம்மா தயங்கினார்.

"போன வாரம் பண்ணையில எல்லாருக்கும் மலச் சோதனை பண்ணோமில்ல? உங்க தம்பிக்கு ஒண்ணுமில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக் கக்கூஸ் தண்ணிதானே தீவனப்புல்லுக்குப் பாயுது? புழு இருக்கறது உங்க வயித்துலதான்."

கதவோரம் நின்ற தம்பிக்குக் கடைசிப் பேச்சு காதில் விழவில்லை.

"யாரா இருந்தாலும் மருந்து குடுங்க டாக்டர்," என்றான் அவசரமாக. "எல்லார் முன்னாடியும் சொல்லி அந்த ஆளைக் கூனிக்குறுக வச்சிடாதீங்க. பாவம்."



"எனக்குத்தாண்டா," என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி.