கடலில் இருப்பவர்

பிலோமியின் அப்பா நோயில் கிடந்தார். அவருக்கு ஓர் ஆசை. கல்லறைத் திருநாள் பூசையில் தன் பூட்டன் கஸ்பாரின் பெயரையும் வாசிக்க வேண்டும். ஆனால், பதிவேட்டில் இறப்பு எழுதப்படாதவரின் பெயரை அவர்களின் பங்குக் கோயிலில் வாசிப்பதில்லை.

அவள் கோயிலின் பழைய பதிவேடுகளைப் புரட்டினாள். கஸ்பாரின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கடலில். அவருக்குப் பதிலாகத் தம்பி மோதிரம் போட்டிருந்தார். பிள்ளைகளின் ஞானஸ்நானங்களின்போதும் தகப்பன் கடலில். பங்கின் குடும்பக் கணக்கெடுப்பிலும் குடும்பத் தலைவர் கடலில்.

"கரையில நிக்காத மனுசனுக்கு இத்தனை பிள்ளையளா" என்று சிரித்த கோயில் உபதேசியார், கஸ்பாரின் மனைவியின் அடக்கப் பதிவில் விரலை நிறுத்தினார். அன்றும் கணவர் கடலில். அதற்குப் பின் ஒரு வரியும் இல்லை.

"இவரு பேரு எறந்தவங்ககூட வராது தாயி."

"பின்ன யாருகூட வரும்?"

"தொழிலுக்குப் போனவங்ககூட."

திங்கள் விடியற்காலைப் பூசையில், அன்று கடலுக்குப் போனவர்களின் பெயர்களோடு கஸ்பாரின் பெயரும் ஒலித்தது. "பத்திரமாய்க் கரைசேர்த்தருளும்" என்று கோயிலே சேர்ந்து மன்றாடியது. பிலோமியின் தோளைப் பிடித்தபடி அப்பாவும் வந்து நின்றிருந்தார்.

முன்னால் நின்ற பெண் திரும்பி அப்பாவிடம் கேட்டாள்: "கஸ்பாரு உங்க ஆளா? எந்த வள்ளத்துல போயிருக்காரு மாமா?"

அப்பா திறந்திருந்த கதவு வழியே கடலைப் பார்த்தார்.

"வந்துருவாரு" என்றார்.