கொசுறுத் திருகு

மண்ணச்சநல்லூர் அரிசி மில் முதலாளி அழகிரியின் காருக்கு ஒரே மாதத்தில் நான்காவது தடவையாக ஸ்பார்க் பிளக் மாற்ற வந்தான் மெக்கானிக் கிளமென்ட். கழற்றிப் பார்த்தால் அதே கதை. அளவுக்கு மீறி முடுக்கியதில் பீங்கான் விரிசல் விட்டிருந்தது.

"கையால திருகின பிறகு ஸ்பானர்ல கால் சுத்து போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே முதலாளி. மறுபடி முடுக்கினீங்களா?"

"நீ போனதும் ஒரே ஒரு சுத்துப்பா. கத்திரிக்காய்க்கே கொசுறு கேக்குறவன், காருக்கு விடுவேனா?"

"அதான் உடையுது."

"என் மேல பழி போடாதே. இன்னொரு தடவை வண்டி நின்னுச்சுன்னா, மில் லாரி மூணும் வேற ஷெட்டுக்குப் போயிடும்."

கிளமென்ட் பல்லைக் கடித்துக்கொண்டு புதுப் பிளக்கை மாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

மறுநாள் ஸ்ரீரங்கம் போகிற வழியில், கொள்ளிடம் பாலத்து நடுவில் கார் முக்கி முனகி நின்றுவிட்டது. ஆள் போய்க் கூப்பிட, கிளமென்ட் ஓடிவந்து பார்த்தான். பிளக் தொளதொளவென்று ஆடியது.

"பெருமாள் மேல சத்தியமாச் சொல்றேன்" என்றார் அழகிரி. "நீ இவ்வளவு சொன்னியேன்னு இந்தத் தடவை நான் கையே வைக்கல. லாரிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

கிளமென்ட் குனிந்து ஸ்பானரால் பிளக்கை முடுக்கினான். முதலாளியின் கொசுறுக்கு இடம் இருக்கட்டும் என்று, நேற்று ஒரு சுற்றுக் குறைத்து வைத்தவனே அவன்தான்.