துவைத்தும் போகாதது

கடைக்காரர் எஸ்எஸ்டி டிரைவைக் கணினியில் செருகும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கணவரோ அழாத குறை.

“எங்க கல்யாண வீடியோ, கேசட்லேருந்து மாத்தினது, இதுல மட்டும்தாண்ணே இருக்கு. நாளைக்கு வெள்ளி விழா, சொந்தக்காரங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்.”

“என்னாச்சு?”

“மொதல்ல ஸ்பீக்கர் காந்தத்து மேல கெடந்துச்சு. அப்புறம் மாடியிலேருந்து விழுந்துச்சு. கடைசியா என் சட்டையோட வாஷிங் மெஷினுக்குள்ள போயிடுச்சு. நல்லாக் காயவெச்சுக் கொண்டாந்திருக்கோம்.”

கடைக்காரர் சிரித்தார். “காந்தம் பழைய ஹார்ட் டிஸ்குக்குத்தான் எமன். எஸ்எஸ்டின்னா திடநிலை டிரைவ், இதுல சுத்துற தட்டே கிடையாது. சிலிக்கான் சில்லுக்குள்ள எலக்ட்ரானைப் பூட்டி வெச்சிருக்கு. இதோ பாருங்க!”

திரையில் வீடியோ ஓடியது. “பொழைச்சுக்கிச்சு!” என்று துள்ளிக் குதித்த கணவர், தங்கைக்குப் போன் போட வெளியே ஓடினார்.

அவள் மேஜைமேல் குனிந்து கிசுகிசுத்தாள். “அண்ணே, சுத்தியல் இருக்கா?”

“எதுக்கும்மா?” கடைக்காரர் விழித்தார். “அப்போ அந்த வாஷிங் மெஷின்...?”

“நான்தான்.”

“மாடி?”

“அதுவும் நான்தான். காந்தமும். ஸ்கூல்ல திடநிலை வேதியியல் நடத்துறவ நான்! அவசரத்துல புத்தி பழைய ஹார்ட் டிஸ்குக்கே போயிடுச்சு.”

திரையில் மணப்பெண் ஆடிக்கொண்டிருந்தாள். காலை வீசினாள். செருப்பு பறந்து போய் மாமியார் மடியில் விழுந்தது. அதற்கும் அவள் நிற்காமல் ஒற்றைச் செருப்போடு சுழன்றாள்.

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். நாளைக்கு ஊரே இப்படிச் சிரிக்கும் என்றுதான் அவள் பயந்திருந்தாள்; இப்போது அவளுக்கே சிரிப்பு பொங்கியது. எவ்வளவு துணிச்சல் இந்தப் பெண்ணுக்கு!

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “செருப்பு பறக்குற இடத்தை இன்னொரு தடவை போடுங்கண்ணே.”