ஆய்வு நாள் நோயாளி

நர்சிங் கல்லூரிக்கு அங்கீகாரம் தரலாமா என்று பார்க்க வந்த குழுவில் தணிகைவேலும் ஒருவர். கல்லூரி மருத்துவமனையில் ஒரு படுக்கைகூடக் காலியில்லை. எல்லோரும், நோயாளியாகப் படுத்துக்கிடக்கச் சொல்லி அன்று காலை வேனில் அள்ளிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். சுவரில் பெயிண்ட் ஈரம்கூடக் காயவில்லை.

ஜன்னலோரப் படுக்கையில் ஒருத்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இவங்களுக்கு என்ன செய்வே?" என்று பக்கத்தில் நின்ற இறுதியாண்டு மாணவியைக் கேட்டார்.

மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இந்த அக்கா மட்டும்தான் சார் ஒழுங்கா நடிக்கிறாங்க."

தணிகைவேல் படுத்திருந்தவளின் கையைப் பிடித்துப் பார்த்தார். நாடி நூலாக ஓடியது. "ஆக்சிஜன் வைம்மா, சீக்கிரம்."

மாணவி பயந்துபோய் மாஸ்க்கை எடுத்து மாட்டினாள். அதன் குழாய் சுவரில் ஒட்டியிருந்த வெறும் மூடியில் போய் முடிந்தது. மூடிக்குப் பின்னால் ஆக்சிஜன் வரும் இணைப்பு எதுவுமில்லை.

"சார், இலை போட்டாச்சு," என்று கல்லூரி முதல்வர் வாசலில் வந்து நின்றார். படுக்கையைப் பார்த்துக் கையசைத்தார். "போதும்மா, எழுந்திரு. சார் பாத்துட்டாரு."

அவள் எழுந்திருக்கவில்லை. அவள் விரல்கள்தான் தணிகைவேலின் மணிக்கட்டை இறுக்கின.