நடைவழியில் நின்ற பந்தயக் கார்

2019 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் இரு குடும்பங்களுக்கும் பொதுவான நடைவழியை என் தம்பி தாயுமானவனின் பழைய பந்தயக் கார் அடைத்து நின்றது. என் மனைவி இறந்ததற்கு அதுவே காரணம்.

உலகில் ஒன்பது மட்டுமே எஞ்சியுள்ள அந்தச் சிவப்புக் கார் உறுமினால் தெருவே வாசலுக்கு வரும். கையில் ஒட்டிய மாவோடு என் மனைவி மங்கையர்க்கரசியும் ஓடிவந்து நிற்பாள். ஆனால், ஆண்டில் பதினொரு மாதங்கள் அது ஏதேனும் உதிரிப் பாகத்துக்காகக் காத்துக் கிடக்கும்.

அன்று அவளுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் அவளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து, காரைத் தாண்ட வழியின்றி நின்றனர்.

"சார், வண்டியத் தள்ளுங்க சார்!"

"பிரேக் இறுகிப்போச்சுங்க, அசையாது," என்றான் தம்பி. "அண்ணிய மேலாலயே தூக்கிட்டுப் போங்க. கார் கெடக்குது."

"கோயில் தேரக்கூட இழுத்துடலாம் போலருக்கே!" என்று ஊழியர்களில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சர் காரின்மேல் சாய்ந்தபோது ஒரு குரல் அலறியது: "பாத்து, பாத்து! பெயிண்ட் கீறிடப் போவுது!"

அவள் கண்களைத் திறந்து என்னைப் பார்த்தாள். மருத்துவமனையை அடையுமுன் இறந்துபோனாள்.

அக்குரல் தெருவுக்கே கேட்டிருந்தது. "அண்ணியவிட வண்டி பெருசாடா உனக்கு?" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் தம்பியைக் கேட்டார்கள். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைகுனிந்தான். முப்பத்தோராண்டு மாணவர்களின் பிழைகளைத் திருத்திய நான் இதைத் திருத்தவில்லை.

படிப்பவரே, அவன் வீட்டுக்குச் சென்று, அன்று கத்தியவன் அவன் அல்லன் என்று உறவினர் அனைவரும் கேட்க நீங்கள் சொல்லுங்கள்.