வேலிக்கு அந்தப் பக்கம்

"என்னங்க, பக்கத்து வீட்டு பொன்னம்மா இன்னைக்கும் நம்ம வேலியோரம் வந்து உட்கார்ந்திருக்கா. நாம பேசறதை ஒட்டுக் கேக்கறதே அவளுக்குப் பொழப்பாப் போச்சு!"

சந்திரமதி பொரிந்து தள்ளினாள். பொன்னுதுரை பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கேட்டுத்தான் என்ன ஆகப்போவுது? மலாக்காச் செட்டிங்க வீட்ல தலைமுறை தலைமுறையா மலாய்தானே பேசறாங்க. தமிழ் எங்கே புரியும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். தமிழே புரியாதவங்களுக்குத் தமிழ்ப் புத்தகம் எதுக்கு?"

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. ஜனவரியில் பள்ளியில் சேரப்போகும் பிள்ளைகள் அதற்குள் நாலு எழுத்து கற்றுக்கொள்ளட்டும் என்று மலாக்காவில் சிலர் ஒன்றுகூடி, மாதம் ஒரு படப் புத்தகம் இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். அவர்கள் குடியிருந்த காஜா பெராங் பகுதிக்குச் சந்திரமதி பொறுப்பு. தன் மகள் கமலாவுக்கும் அதே புத்தகத்தைத்தான் தினமும் சாயங்காலம் முற்றத்தில் பாய் விரித்து உரக்கப் படித்துக் காட்டுவாள்.

பொன்னம்மா தன் மகள் விஜயாவுக்கும் புத்தகம் கேட்டு வந்தபோதே சந்திரமதி தயங்கினாள். "எங்கள் கோயில் வாசலில் தமிழில் எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. இவளாவது படிக்கட்டும்" என்று அவள் மலாயில் கெஞ்சியதால் பெயரை எழுதிக்கொண்டாள்.

ஆறு மாதமாகிவிட்டது. அடுத்த பகுதியான கிளேபாங்கில் ஒரு பிள்ளை புத்தகம் கிடைக்காமல் காத்திருந்தது. விஜயா பெயரை அடித்துவிட்டு அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது என்று சந்திரமதி முடிவே கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகம் வாங்கப் பிள்ளைகளும் அம்மாக்களும் சந்திரமதி வீட்டு முற்றத்தில் கூடினார்கள். சந்திரமதி பென்சிலைக் கையில் பிடித்தபடி, புதுப் புத்தகத்தை விஜயாவிடம் நீட்டினாள்.

"எங்கே, இதைப் படி பார்ப்போம்."

விஜயா விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். "க... ட... ல். கடல்! பட... கு. படகு!"

சந்திரமதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யார் சொல்லிக் கொடுத்தா?" என்று பொன்னம்மாவிடம் மலாயில் கேட்டாள்.

பொன்னம்மா வெட்கத்தோடு சிரித்தாள். பழைய புத்தகத்தை எடுத்து மகளிடம் கொடுத்து, வீட்டில் படிப்பதுபோலப் படிக்கச் சொன்னாள்.

விஜயா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு கணீரென்று ஆரம்பித்தாள்.

"மரத்தின் மேல் அணில். அணில் பழம் தின்றது. கமலா, காலை ஆட்டாதே! முதுகுல ஒண்ணு வைப்பேன்! ஆமை மெல்ல நடந்தது..."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கமலா ஓடிப்போய் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பொன்னம்மாவுக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. "நீங்கள் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் நாங்களும் திருப்புவோம்" என்று மலாயில் சொல்லிக் கைகூப்பினாள். "தெரிமா காசே, டீச்சர்" என்று நன்றி சொன்னாள்.

சந்திரமதிக்குக் கூச்சமாக இருந்தது. தான் நல்லது செய்கிறோம் என்று தெரியாமலே தன்னை நல்லது செய்ய வைத்துவிட்டாளே இவள் என்று நெஞ்சு நிறைந்தும் இருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, புதுப் புத்தகத்தை விஜயாவிடமே கொடுத்தாள். கிளேபாங் பிள்ளைக்குக் கமலாவின் பிரதி போயிற்று.

"நமக்கு?" என்றாள் கமலா.

"வேலிக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குல்ல? வா, போவோம்."

அன்று சாயங்காலம் சந்திரமதி விஜயா வீட்டில் உட்கார்ந்து வழக்கத்தைவிட உரக்கப் படித்தாள். கமலாவைத் திட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.